நள்ளிரவு 1.40, தொண்டை பூட்டிக்கொண்டது

2024 பிப்ரவரி 9, அதிகாலை 3.25

தூக்கத்தில் மூச்சு அடைத்து எழுந்தவர்கள் யாராவது உண்டா? எனக்கு இப்போதுதான் நடந்தது. 1.40 மணி. நல்ல தூக்கம். கனவு எதுவும் இல்லை. கண் திறக்கும்போதே கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன், தொண்டை பூட்டிக்கொண்டுவிட்டது. இழுத்துப் பார்க்கிறேன், காற்று உள்ளே போகவில்லை. "ஈ" என்று விசில் மாதிரி ஒரு சத்தம் மட்டும் வருகிறது. என் தொண்டையிலிருந்தா இப்படி ஒரு சத்தம் என்று அந்த நேரத்திலும் பயந்தேன். அம்மா ஓடி வந்து முதுகில் தட்டினார். ஒரு நிமிடம்கூட இருக்காது என்கிறார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இளகி மூச்சு வந்தது.

வயது 43. சர்க்கரை, பிரஷர் எதுவும் கிடையாது. இது மாரடைப்பா? அம்மா அமுக்குவான் என்கிறார். படுக்கப் பயமாக இருக்கிறது, அதனால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2024 பிப்ரவரி 9, மாலை 6.40

பதில் எழுதிய மூன்று பேரும் ஒன்றைத்தான் சொன்னீர்கள்: முதலில் ஈசிஜி. போனேன். ஆனால் நேராகக் கிடைக்கவில்லை. காலையில் போன இடத்தில் நான் சொல்லி முடிப்பதற்குள் "கேஸ்தாம்மா" என்று ஒரு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். ஈசிஜி வேண்டாமா என்று கேட்டதற்கு வயதைப் பார்த்துவிட்டுத் தேவையில்லை என்றார்கள். எனக்கும் அதைக் கேட்டு நிம்மதியாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டு அக்காதான் விடவில்லை. "பொம்பளைக்கு நெஞ்சு வலிச்சுத்தான் வரோணும்னு இல்ல, நட" என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துப் போனார். அங்கே ஈசிஜி எடுத்து, ஒரு மணி நேரம் உட்காரவைத்து மறுபடியும் எடுத்தார்கள். இரண்டிலும் மாற்றமில்லை.

அக்கா சொன்னது சரி என்று அங்கிருந்த டாக்டரும் சொன்னார். பெண்களுக்கு மாரடைப்பு தாடை வலி, முதுகு வலி, குமட்டல், காரணமில்லாத வேர்வை, மூச்சிரைப்பு என்றும் வரலாம். ஒரு ஈசிஜி சரியாக இருந்தால் மட்டும் முடிந்துவிடாது என்பதால்தான் இரண்டாவது. சந்தேகம் இருந்தால் டிரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையும் உண்டு. 2023 ஜூனில் தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்துக்கான மாத்திரைகளையும் அங்கே பார்த்தேன். மாரடைப்பு என்று தெரிந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன்பே கொடுக்க, ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8 என்று மொத்தம் 14 மாத்திரை. நம் ஊருக்குள்ளேயே இது இருப்பது எனக்கு இதுவரை தெரியாது. ராத்திரி நெஞ்சில் பாரம், வேர்வை என்றால் விடியட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். 108 கூப்பிடுங்கள். நேற்று நான் கூப்பிடவில்லை. அது தவறு.

2024 பிப்ரவரி 10

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். மூச்சு திரும்பியதும் நான் செய்த முதல் காரியம், நெஞ்சு நோகப் பலமாக இருமியது. "மாரடைப்பு வந்தால் இருமிக்கொண்டே இருங்கள், உயிர் பிழைக்கும்" என்று வாட்ஸ்அப்பில் வருமே, அது. டாக்டரிடம் சொன்னபோது தலையில் கை வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கருவி மாட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஒருவகை இதயத் துடிப்புக் கோளாறுக்கு டாக்டரே இருமச் சொல்வது உண்டாம். வீட்டில் தனியாக இருப்பவருக்கு அது வைத்தியம் இல்லை, போனை எடுக்க வேண்டிய நேரம் வீணாகும். நானே அந்தச் செய்தியைக் குடும்பக் குழுவில் போட்டிருக்கிறேன். இன்று திருத்தி எழுதிவிட்டேன்.

2024 பிப்ரவரி 23

மறுபடியும். 1.25 மணி. அதே விசில் சத்தம். இந்த முறை பார்த்தவை: வாயில் புளிப்பு, தொண்டையின் அடிப்பக்கம் எரிச்சல், விடிந்த பிறகும் குரல் கரகரப்பு.

நோட்டு போட்டிருக்கிறேன். விழித்த நேரம், எது முதலில் வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, முந்தைய இரவு என்ன சாப்பிட்டேன், எப்போது படுத்தேன். இந்த மாதம் கப்பல் சரக்கு போகும் சீசன். கரூரில் படுக்கை விரிப்பு, திரைச்சீலை ஏற்றுமதி செய்கிற இடங்களில் கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது என்ன மாதம் என்று தெரியும். வீடு வர 9.45 ஆகிறது. பிப்ரவரி 8 இரவு: 10.15க்கு இரண்டு பரோட்டா, சால்னா. 10.40க்குப் படுக்கை. பிப்ரவரி 22 இரவு: 10.20க்கு தோசை, பூண்டுச் சட்னி, கணக்கு முடிக்க ஒரு காபி. 10.50க்குப் படுக்கை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்ததும்தான் ஏதோ பிடிபடுகிற மாதிரி இருந்தது.

2024 மார்ச் 2

நோட்டோடு பொது மருத்துவரிடம் போனேன். அவர் எழுதியதை முழுக்கப் படித்தார். இது எனக்குப் பெரிய விஷயம். விசில் சத்தத்தை நடித்துக் காட்டச் சொன்னார். காட்டியதும் "மூச்சு வெளியே விட முடியலையா, உள்ளே இழுக்க முடியலையா?" என்று ஒரே கேள்வி. உள்ளே. அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. ஆஸ்துமாவில் பெரும்பாலும் மூச்சை வெளியே விடும்போது நெஞ்சில் வீசிங் கேட்கும். எனக்குக் கேட்டது உள்ளே இழுக்கும்போது, அதுவும் தொண்டையில். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினார். மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டுப் பார்த்ததில் குரல்வளையின் பின்பக்கம் சிவந்து வீங்கியிருக்கிறது.

விஷயம் இதுதான். இரைப்பை அமிலம் மேலே ஏறி வருகிறது. விழித்திருக்கும்போது ஏறினால் எச்சில் விழுங்கி விழுங்கிக் கழுவிவிடுகிறோம். தூக்கத்தில் எச்சிலும் குறைவு, விழுங்குவதும் குறைவு. ஒரு துளி குரல்வளையைத் தொட்டால் போதும், நுரையீரலுக்குள் எதுவும் போய்விடக் கூடாது என்று குரல் நாண்கள் இரண்டும் பட்டென்று சாத்திக்கொள்கின்றன. லாரிங்கோஸ்பாசம் என்று பெயர். பொதுவாகச் சில விநாடிகளிலிருந்து ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் தானாகவே திறந்துகொள்ளும். வாயைத் திறந்து பலமாக இழுக்க இழுக்க இன்னும் இறுகும். நிமிர்ந்து உட்கார்ந்து, வாயை மூடி, மூக்கு வழியாக மெதுவாக இழுக்க வேண்டும். சொல்வது சுலபம், அந்த நேரத்தில் உடம்பு கேட்காது. அதனால் பகலில் பழகச் சொன்னார். பழகுகிறேன்.

என்னைக் காப்பாற்றத்தான் அந்தக் கதவு சாத்தியிருக்கிறது என்று தெரிந்ததும் பஸ்ஸில் வரும்போது அழுகை வந்துவிட்டது.

2024 மார்ச் 3

கேட்டவர்களுக்கு: அமிலம் சுரப்பதைக் குறைக்கும் மாத்திரை பான்டோபிரசோல் 40 மில்லிகிராம், காலை உணவுக்கு அரை மணி நேரம் முன். சாப்பிட்ட பிறகு போட்டால் பலன் குறைவு. 8 வாரம் எழுதியிருக்கிறார். மெடிக்கல் கடையில் நாமாக வாங்கி வருடக்கணக்கில் போட்டுக்கொண்டே இருக்கக் கூடாது என்று தனியாகச் சொன்னார். இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையில் 3 மணி நேரம். அதற்காக மாலை 6.45க்கு ஆபீசிலேயே டிபன் பாக்ஸ் திறக்கிறேன், வீடு வந்து ஒரு டம்ளர் மோர், அவ்வளவுதான். இரவுக் காபி நிறுத்தம்.

கட்டிலின் தலைமாட்டை 6 அங்குலம் உயர்த்த வேண்டும். இரண்டு தலையணை போட்டால் ஆகாதா என்று நானும் கேட்டேன். தலையணை கழுத்தையும் வயிற்றையும் மடக்கும், அமிலத்தை இன்னும் மேலே தள்ளும். கட்டிலே சரிய வேண்டும். செங்கல்லைப் படுக்கவைத்தால் ஒன்று 3 அங்குலம், காலுக்கு இரண்டு. கல்லுக்கு மேல் பழைய சைக்கிள் ட்யூபைத் துண்டு போட்டுவைத்தேன், வழுக்கவில்லை. அம்மா வந்து பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, தெனமும் சென்னிமலை ஏறியா படுக்கோணும்?" என்றார். இருவரும் வெகுநேரம் சிரித்தோம். பிப்ரவரிக்குப் பிறகு அந்த அறையில் கேட்ட முதல் சிரிப்பு.

இடது பக்கமாகப் படுப்பதும் உதவும். அப்படிப் படுத்தால் இரைப்பை உணவுக்குழாயின் வாய்க்குக் கீழே தொங்கும், அமிலம் ஏறுவது கடினம்.

2024 மார்ச் 17

"எனக்கு மூச்சு அடைப்பதில்லை, கண் விழித்திருக்கிறேன், உடம்பு அசையவில்லை, யாரோ நெஞ்சின் மேல் உட்கார்ந்திருக்கிறார்கள்" என்று எழுதிய தம்பிக்கு.

அது என்னுடையது இல்லை. என் அம்மா சொன்ன அமுக்குவான் அதுதான். எனக்கும் தெரியும், 1999இல் கல்லூரி விடுதியில் பரீட்சை நேரத்தில் மூன்று முறை வந்தது. மல்லாந்து படுத்திருந்தேன், மின்விசிறி சுற்றுவது தெரிகிறது, அறைத்தோழியைக் கூப்பிட வாய் திறக்கவில்லை, கதவருகே ஒரு ஆள் நிற்பது நிச்சயமாகத் தெரிந்தது. அம்மா விபூதி பூசித் தலையணைக்கு அடியில் இரும்புச் சாவி வைத்தார். அந்தச் சாவி இன்னும் என்னிடம் இருக்கிறது.

கனவு வரும் தூக்கத்தில் கண் இமைக்குள் விழி வேகமாக ஓடும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் 1953இல் இதை வெளியிட்டார்கள். அந்தக் கட்டத்தில் நாம் கனவைப் பார்த்துக் கை கால் வீசிவிடாமல் இருக்க, மூளை உடம்பின் தசைகளைத் தளர்த்திக் கட்டிப்போடுகிறது. கண்ணும் உதரவிதானமும் மட்டும் விலக்கு. சில நேரம் மனம் முதலில் விழித்துவிடுகிறது, கட்டு அவிழ்வதற்குக் கொஞ்சம் தாமதம். கனவின் மிச்சமும் அறைக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஜப்பானில் கனாஷிபாரி என்கிறார்கள், கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் கிழவி வந்து அமுக்குவதாகச் சொல்கிறார்கள். எல்லா ஊரிலும் நெஞ்சில்தான் உட்காருகிறது. காரணம், மூச்சுக்கு உதவும் மற்றத் தசைகள் தளர்ந்து உதரவிதானம் மட்டும் வேலை செய்வதால் ஆழ்ந்து இழுக்க முடிவதில்லை. ஆனால் மூச்சு போய்க்கொண்டேதான் இருக்கிறது, தம்பி. தூக்கம் கெட்டால் அதிகம் வரும், மல்லாந்து படுத்தாலும் அதிகம். பரீட்சை முடிந்ததும் எனக்கு நின்றுவிட்டது. பகலிலும் அடக்க முடியாத தூக்கம், சிரித்தால் முழங்கால் தளர்வது என்று இருந்தால் மட்டும் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

2024 ஏப்ரல் 6, அதிகாலை 2

வந்துவிட்டது. ஆனால் வேறு மாதிரி. தொண்டை அடைக்கவில்லை. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, விரல் நுனியும் உதடும் மரத்துப்போகின்றன, சாகப் போகிறேன் என்றே நினைத்தேன். இரவு 7 மணிக்கு இட்லிதான் சாப்பிட்டேன். செங்கல் அப்படியே இருக்கிறது. மார்ச்சில் எல்லாம் பிடிபட்டதாக எழுதியிருந்தேன்.

2024 ஏப்ரல் 20

மார்ச் 2ஆம் தேதி நான் எழுதியது பாதிதான். மீதி இது.

டாக்டர் முதலில் மறுபடி ஈசிஜி, தைராய்டு, ரத்த சோகை எல்லாம் பார்த்தார். சரியாக இருக்கிறது. பிறகுதான் பேனிக் அட்டாக் என்ற வார்த்தையைச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. "நான் தூங்கிக்கொண்டிருந்தேன், எதை நினைத்துப் பயப்படுவது?" என்றேன். பெரும்பாலும் தூங்கி முதல் மூன்று மணி நேரத்துக்குள், கனவில்லாத தூக்கத்திலிருந்தே இது வருமாம். பயம் மனதில் தொடங்கி உடம்புக்கு வரவில்லை. உடம்பில் ஒரு சின்ன மாற்றம், மூச்சு சற்று மாறுகிறது, இதயம் சற்று வேகமாகிறது. இரண்டு முறை மூச்சு அடைத்து எழுந்த உடம்பு அதையே ஆபத்து மணியாக எடுத்துக்கொள்கிறது. நான் விழிக்கும்போது மணி ஏற்கெனவே அடித்துக்கொண்டிருக்கிறது.

மரத்துப்போனதற்கும் விளக்கம் உண்டு. பயத்தில் வேக வேகமாக மூச்சுவிட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறிக் குறைகிறது. ரத்தம் காரத்தன்மை ஆகிறது, நரம்புகளுக்குக் கிடைக்கும் கால்சியம் குறைகிறது, அதனால் விரலும் உதடும் மதமதக்கும். தலை சுற்றும். அதைப் பார்த்து இன்னும் பயம், இன்னும் வேக மூச்சு. காகிதப் பையில் மூச்சுவிடச் சொல்வார்களே, அது வேண்டாம் என்றார். உண்மையில் இதயமோ நுரையீரலோ கோளாறாக இருந்தால் ஆபத்தாகிவிடும். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டினால் போதும். நான் நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுகிறேன். பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், அப்புறம் இறங்கும். என் நோட்டில் ஏப்ரல் 6க்கு 12 நிமிடம் என்று இருக்கிறது, 14ஆம் தேதிக்கு 9.

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் வாரம் ஒருமுறை போகிறேன். வெளியே சொல்லக் கூச்சம் என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசில்லை. ராத்திரி 2 மணிக்கு நான் பேசியிருக்கிறேன். அந்தப் பக்கம் இருந்த பெண் அவசரப்படவே இல்லை.

ஆனால் ஒன்று. "பயம்தான்" என்பது கடைசியில் வர வேண்டிய முடிவு. என்னிடம் "கேஸ்தாம்மா" என்றவர்கள் சொன்னது தற்செயலாகப் பாதி சரியாகிவிட்டது என்பதற்காக, அன்று ஈசிஜி எடுக்காதது சரியாகிவிடாது.

2024 மே 12

இது அம்மாவைப் பற்றி. நேற்று விரதம் என்று இரவு சாப்பிடவில்லை, சர்க்கரை நோய்க்கான கிளிமிபிரைடு மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டார். 3.10க்கு என்னை எழுப்பினார். சேலை தொப்பலாக நனைந்திருக்கிறது, கை நடுக்கம், "பஸ் வந்துருச்சு, கெளம்பு" என்று பேச்சு. பயந்துவிட்டார், மூச்சை நீட்டி விடச் சொல்லலாம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. எனக்கு நடந்ததை வைத்தே எல்லாவற்றையும் பார்க்கத் தொடங்கிவிட்டேன். நல்லவேளை, சர்க்கரைக் கருவி மேசையிலேயே இருந்தது. 52.

70க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தேன். 15 நிமிடம் கழித்து 84. பிறகு இரண்டு இட்லி. சாக்லேட் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108தான். இந்த வகை மாத்திரை பல மணி நேரம் வேலை செய்வதால் மறுபடியும் இறங்கலாம். விடியும்வரை மணிக்கு ஒருமுறை பார்த்தேன். விரத நாளில் மாத்திரையை என்ன செய்வது என்று டாக்டரிடம் இப்போது எழுதி வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்திருக்கிறோம்.

2024 ஜூன் 9

அம்மாவின் இரவுக்குப் பிறகு பெரியப்பா நினைவாகவே இருக்கிறேன். 2006 வாக்கில், எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது, தூங்கி இரண்டு மணி நேரத்தில் எழுந்துவிடுவார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அரை மணி நேரத்தில் சரியாகும். பிறகு சாய்வு நாற்காலியிலேயே விடியும்வரை இருப்பார். கால் வீங்கியிருக்கும், விரலால் அழுத்தினால் குழி விழும். ஆஸ்துமா என்று இரண்டு வருடம் மருந்து. இதயம் பலவீனம் என்று தெரிந்தபோது தாமதமாகிவிட்டது.

பகலெல்லாம் காலில் தேங்கிய நீர் படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்புகிறது. இதயத்தால் தள்ள முடியாதபோது நுரையீரலில் தேங்குகிறது. எழுந்து நின்றால் குறைகிறது. எனக்கு ஒரு நிமிடத்தில் விட்டது, அவருக்கு அரை மணி நேரம். எனக்கு விசில், அவருக்கு இருமலும் நுரைச் சளியும். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். யாரும் எழுதிவைக்கவில்லை, கேட்கவும் இல்லை. நான் அப்போது 25 வயதுக்காரி, தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் படுத்துவிடுவேன்.

2024 ஜூன் 10

நேற்று எழுதியதைப் படித்து அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன் என்றவரே, எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மூச்சு வாங்காமல் படுக்க அவருக்கு இரண்டு தலையணை எப்போது மூன்றானது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

2024 ஜூலை 21

இரண்டு பேருக்குச் சேர்த்து.

48 வயது, நெஞ்சிலிருந்து முகத்துக்குச் சூடு ஏறி வேர்த்து விழிக்கிறது என்றவருக்கு: மாதவிடாய் நிற்கும் காலத்தில் இது சகஜம், மகப்பேறு மருத்துவரிடம் பேசுங்கள், மருந்து இருக்கிறது. சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. இரவு வேர்வையோடு எடை குறைவது, காய்ச்சல், விடாத இருமல் இருந்தால் மட்டும் காசநோய்ப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

கணவர் குறட்டை நடுவில் நின்று, திணறி எழுகிறார் என்றவருக்கு: குறட்டை நிற்கிற அந்த இடைவெளியை எண்ணுங்கள். 10 விநாடிக்கு மேல் மூச்சு நின்றால் அது கணக்கில் வரும். அப்படி நிற்பதும் குறைவதும் மணிக்கு 5க்கு மேல் போனால் தூக்க மூச்சுத்தடை, 30 என்றால் கடுமை. போனில் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். தனக்குக் குறட்டையே கிடையாது என்று டாக்டரிடம் சொல்லப் போவது அவர்தான்.

2024 அக்டோபர் 15, அதிகாலை 2.15

நோட்டில் ஜூன் 28க்குப் பிறகு எதுவும் இல்லை. பான்டோபிரசோல் நிறுத்தி நாலு மாதமாகப் போகிறது. செங்கல்லை எடுக்கவில்லை, எடுக்கும் எண்ணமும் இல்லை.

இன்று 1.50க்கு விழிப்பு வந்தது. வெளியே மழை. மாடிக்குப் போய்க் கொடியில் கிடந்த துணியை எடுத்து வந்தேன். அம்மா தூக்கத்திலேயே "நனஞ்சிருச்சா?" என்றார். பாதி நனைந்திருக்கிறது. உள்ளே நாற்காலிகள் மேல் விரித்துப் போட்டிருக்கிறேன். படுக்கப் போகிறேன்.